வராக்கடன்

மூன்று கல்யாணத்துக்கும் ஒரு சாந்திக்கும்
அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை
எடுத்துப்போன வகையில்
சமையல் ஒப்பந்தக்காரர் அடைக்கப்பன்
தரவேண்டியது அறுபத்திரண்டாயிரம்.
நாலு வருஷமாய் வராக்கடன் என்று
எழுதி வைத்திருந்தேன்.
போன மாசியில் வந்துவிட்டது,
டிராக்டர் கயிறு கட்டி இழுக்க,
டாட்டா 207,
மூன்று டயரில் காற்றில்லாமல்.

சிட்டையில் புதுப் பக்கம். மேலே ஒரு உ.

கோட்டையூர் பட்டறையில்
சவரிமுத்து பானெட்டைத் தூக்கினார்.
ஓணான் ஒன்று இறங்கிப் போனது,
வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களைப்
பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு.
"என்ஜின் முப்பத்தெட்டு.
கூடாதுன்னு சொல்லமாட்டேன்,
குறையாதுன்னு சொல்லுவேன்."

சேஸில் ஒட்டு ஒன்பதரை.
டயர் நாலு, ஸ்டெப்னி பழசே போதும்,
இருபத்திரண்டு நானூறு.
ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது;
'எலிக்கு 6,200' என்று எழுதினேன்.
பேட்டரி ஐந்து எண்ணூறு.
கதவு இரண்டையும் துருதான் தாங்கி நின்றது,
துருவை எடுத்தால் கதவு இல்லை:
பதினாறு.
டிங்கரிங், பெயிண்ட் இருபத்தேழு.
எஃப்.சி., பசுமை வரி, இன்சூரன்ஸ் இருபத்தொன்று.

கூட்டினேன்.
ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரம்.
மறுபடி கீழிருந்து மேலே கூட்டினேன்.
கீழிருந்தும் அதேதான்.
சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம்,
கொப்பரைக்குள் வைத்திருந்தது பத்து.
துண்டு விழுவது முப்பத்தைந்து தொள்ளாயிரம்.

அப்போதுதான் கானாடுகாத்தான் ஹோட்டலிலிருந்து
நிகில் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.
வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.
"ஒண்ணேகால் தர்றோம் மேடம்.
தண்ணிகூட ஊத்திக் கழுவாதீங்க.
பின்னாடி மண்ணு போட்டு
காகிதப்பூ வைக்கப் போறோம்."

அன்றைக்கு ராத்திரி சிட்டை மூடவில்லை.
அறுபத்திரண்டுக்கு ஒண்ணேகால்.
கை அழுக்காகாமல் அறுபத்து மூன்று லாபம்.
ஆனால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்
ஆயிரத்து எண்ணூறு வாடகை கொடுத்து,
"இந்தா வர்றேன் அக்கா" என்கிற டிரைவருக்காக
அண்டாக்களோடு ரோட்டில் நிற்பது
எந்தக் கணக்கில் ஏறும்?
ஓடுகிற வண்டியைவிட
ஓடாத வண்டிக்கு விலை அதிகம் என்பதைப்
பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா?

காலையில் போன் போட்டேன்.
"வண்டி இல்லை தம்பி.
துரு மட்டும் வேணுமா?"

இரண்டு கதவும் இருபதாயிரத்துக்குப் போயின,
மஞ்சள் எழுத்தில்
'அடைக்கப்பன் அன் கோ' என்றதோடு,
பழைய போர்வையில் சுற்றி,
மாப்பிள்ளைச் சீர் மாதிரி.
எடுத்துப்போன பையன்களிடம்
"பார்த்து, துரு உதிர்ந்திடப் போகுது"
என்று சவரிமுத்து சொல்லிவிட்டு
எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

இன்னும் பதினைந்து தொள்ளாயிரம்.
வரிவரியாய்ப் பார்த்துக்கொண்டே வந்து
பெயிண்ட் அடிப்பது என்ற வரியில் நின்றேன்.
அதை அடித்தேன்.
டிங்கரிங், சாம்பல் பிரைமர், பதினொன்று நூறு.
கணக்கு நேர்.

வைகாசியிலிருந்து ஓடுகிறது.
ஊரில் பாதிப் பேர்
பெயிண்ட் எப்போது என்கிறார்கள்,
மீதிப் பேர் இதுதான் இப்போ பேஷனா என்கிறார்கள்.
பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கும்;
அது பட்ஜெட்டில் இல்லை.

நேற்று அந்த ஹோட்டலில் ஒரு கல்யாணம்.
பாத்திரம் இறக்கப் போனேன்.
வரவேற்பு அறைச் சுவரில்
என் கதவுகள்.
மேலே சின்ன விளக்கு.
அதன் கீழே நின்று ஒரு வெளிநாட்டுக்காரி
அடைக்கப்பன் பெயரைப் போட்டோ எடுத்தாள்,
முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காக.

கடன்காரர் பெயருக்கு விளக்குப் போட்டு
நான் பார்த்தது அதுதான் முதல்முறை.
ராத்திரி சிட்டையைத் திறந்தபோது தெரிந்தது:
பட்டறைப் பையன்களுக்கு
இரண்டு மாசம் டீ வாங்கியது,
1,150,
எந்தப் பக்கத்திலும் இல்லை.